புல்லின் பருவமே மாட்டின் பலம்

கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவியாக வீழ்ந்து, ஐயாறாக இறங்கி வரும் நீர் சமவெளியைத் தொடும் இடத்தில் புளியஞ்சோலை அமைந்துள்ளது. திருச்சிராப்பள்ளி மாவட்டம், துறையூர் வட்டத்தைச் சேர்ந்த இம் மலையடிவாரத்திற்கு வருவோர், ஓடையின் குளிர்ச்சியையும் மரங்களின் நிழலையும் கண்டு, “இவ்விடத்துக் கால்நடைகளுக்கு என்ன குறை இருக்க முடியும்?” என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஓடை நீர் எட்டும் எல்லை சிறிது. அதனைக் கடந்துவிட்டால் வானத்தை நோக்கி நிற்கும் மேட்டு நிலங்களே மிகுதி. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்தெழும் புல், தை மாதத்தில் பழுத்து, மாசியில் வெளுத்துவிடுகிறது.

இத்தகைய மானாவாரி ஊர்களில் உழவர் பெருமக்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. பங்குனி மாதத்திலும் தரிசு நிலத்தில் புல் நிற்கிறது. மாடு காலை முதல் மாலை வரை மேய்கிறது. வீடு திரும்பும்போது அதன் வயிறு புடைத்திருக்கிறது. ஆயினும் விலா எலும்புகள் தெரிகின்றன, மடி வற்றுகிறது, சினை பிடிப்பதும் தள்ளிப் போகிறது. சித்திரை வந்ததும் அம் மாட்டைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் விற்க நேரிடுகிறது. ஆடியில் மீண்டும் ஏர் பூட்டவும் பால் கறக்கவும் கடன் வாங்கி வேறு மாடு தேட வேண்டியிருக்கிறது.

தீவனம் இருந்தும் மாடு மெலிவதன் காரணம் யாது? இதனை அறிந்துகொண்டால், நம் ஊர் மேய்ச்சல் நிலத்தை எப்போது அடைக்க வேண்டும், எப்போது அறுக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

வயிறு நிறைந்தும் பசி

ஆடுமாடுகள் அசைபோடும் பிராணிகள். அவற்றின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையாகிய பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லிலுள்ள நாரைக் கரைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருபவை இந்த நுண்ணுயிர்களே. நாம் மாட்டுக்குத் தீனி இடுவதாக எண்ணுகிறோம். உண்மையில் முதலில் தீனி பெறுபவை அவையே.

இந் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் புரதச்சத்து தேவை. ஈரம் நீக்கிய எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு புரதமேனும் தீவனத்தில் இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் நுண்ணுயிர்கள் குறையும். நார் கரைவது தாமதமாகும். தின்ற புல் பெருவயிற்றிலேயே நெடுநேரம் தங்கிவிடும். பழைய தீனி வெளியேறாமல் புதிய தீனிக்கு இடமில்லை. ஆதலால் மாடு தின்பதை நிறுத்திக்கொள்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது, உடல் பசித்திருக்கிறது. கோடைக் காலத்தில் நாம் காணும் புடைத்த வயிற்றின் பொருள் இதுவே.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 300 கிலோ எடையுள்ள ஒரு மாடு, இளம்பருவத்து நல்ல புல்லாயின், ஈரம் நீக்கிய எடையில் நாளொன்றுக்கு 7 கிலோ வரை தின்னும். அதில் நூற்றுக்கு 9 பங்கு புரதம் இருப்பின், மாட்டுக்குக் கிடைப்பது 630 கிராம் புரதம். அதே புல் முற்றி வெளுத்தபின், புரதம் 4 பங்காகக் குறைந்து, மாடு தின்னும் அளவும் 5 கிலோவாகச் சுருங்கினால், கிடைப்பது 200 கிராம் மட்டுமே. அந்த 200 கிராமிலும் செரிக்கக்கூடியது பாதிக்கும் குறைவு. பால் கறப்பதும் கன்று வளர்ப்பதும் ஒருபுறம் இருக்க, உள்ள உடலைக் காக்கவே அது போதாது. எனவே மாடு தன் சதையைத் தானே கரைத்து உயிர் வாழ்கிறது.

ஒரே புல்லின் மூன்று பருவங்கள்

நம் மேட்டு நிலங்களில் இயற்கையாக வளரும் புற்களுள் சிறந்தது கொழுக்கட்டைப் புல். வறட்சியைத் தாங்கும் வேருடையது. பல ஆண்டுகள் தூரில் உயிர் வைத்திருப்பது. நாம் வேலியோரத்தில் பார்த்துப் பாராமல் செல்லும் இப்புல்லின் அருமையை, வறண்ட நிலமுடைய பிற நாட்டார் நன்கு உணர்ந்தனர். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் டெக்சஸ் பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டில் இதனைப் பெரும்பரப்பில் விதைத்து மேய்ச்சல் நிலங்களாக்கினர். அயல் மண்ணில் இது கட்டுக்கடங்காமல் பரவிக் களையாகவும் மாறியது. நம் மண்ணிலோ இது பழங்காலந்தொட்டு ஆடுமாடுகளோடு சேர்ந்து வாழ்ந்துவரும் புல்.

இப்புல்லின் முதற்பருவம், மழைக்குப்பின் தழைத்துக் கதிர் விடும் முன்னருள்ள பருவம். அப்போது இலை மிகுதி, தண்டு குறைவு. புரதம் நூற்றுக்கு 8 முதல் 11 பங்கு வரை இருக்கும். ஆனால் புல்லின் மொத்த விளைச்சல் குறைவு.

இரண்டாம் பருவம், கதிர் வெளிவந்து பூக்கத் தொடங்கும் பருவம். புரதம் சற்றே குறையினும் விளைச்சல் மிகுதியாகிறது. சத்தும் அளவும் ஒன்றுசேரக் கிடைக்கும் காலம் இது. அறுவடைக்கு உரிய பருவமும் இதுவே.

மூன்றாம் பருவம், விதை முற்றி உதிர்ந்தபின் வரும் பருவம். புல் தன் சத்தை விதைக்கும் வேருக்கும் அனுப்பிவிடுகிறது. தண்டு மரம்போல் இறுகுகிறது. புரதம் 4 பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. நெல் வைக்கோலின் நிலையும், கதிர் அறுத்தபின் எஞ்சும் சோளத்தட்டையின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

புல்லின் உயரத்தைக் கண்டு தீவனத்தை மதிப்பிடுதல் தவறு என்பது இதனால் விளங்கும். இடுப்பளவு நிற்கும் வெளுத்த புல்லைவிட, முழங்காலளவு நிற்கும் இலைமிகுந்த புல் மேலானது. இதனை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பிடி புல்லை அறுத்து, இலையைத் தனியாகவும் தண்டைத் தனியாகவும் பிரித்து வைத்துப் பாருங்கள். இலைக் குவியல் பெரிதாயின் அது தீவனம். தண்டுக் குவியலே பெரிதாயின் அது மாட்டின் வயிற்றை நிரப்ப மட்டுமே உதவும்.

மேய்ச்சல் நிலம் கெடும் வழி

ஆடுமாடுகள் தமக்கு விருப்பமான புல்லையே முதலில் தேடித் தின்னும். காவலும் அடைப்பும் இல்லாத நிலத்தில், மழைக்குப்பின் கொழுக்கட்டைப் புல் இரண்டு இலை விட்டவுடனே கடிக்கப்படுகிறது. மீண்டும் துளிர்த்தால் மீண்டும் கடிக்கப்படுகிறது. பல்லாண்டுப் புல் தன் உணவைத் தூரிலும் வேரிலும் சேமித்து வைத்துக்கொண்டே கோடையைக் கடக்கிறது. சேமிக்க வாய்ப்பில்லாத தூர் சில ஆண்டுகளில் மடிந்துவிடும்.

நல்ல புல் மடிந்த இடத்தில், ஓராண்டு மட்டும் வாழும் மெல்லிய புற்கள் வருகின்றன. அடுத்து, மாடு விரும்பாத ஊசிப்புல் பெருகுகிறது. விதை பிடித்தபின் அதன் கூரிய முள் வாயிலும் ஆட்டின் தோலிலும் தைத்துப் புண்ணாக்கும். இறுதியில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் நிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உண்ணிச்செடியின் இலையைப் பசியால் தின்ற மாடு மஞ்சள் காமாலை கண்டு, வெயில் பட்ட தோல் வெந்து துன்புறும்; உயிரிழப்பதும் உண்டு. ஆகவே உண்ணிச்செடி நெருங்கிவிட்ட மேய்ச்சல் நிலம், பல ஆண்டுகளாக ஓய்வு பெறாத நிலம் என்று கொள்ளலாம்.

காங்கேயம் காட்டும் வழி

புளியஞ்சோலை போன்ற அடிவார ஊர்களுக்கு மலையின் ஓடையேனும் அருகில் உண்டு. மேற்கே காங்கேயம் வட்டாரத்திற்கோ அத்தகைய மலையோடை இல்லை. ஆண்டு மழையும் ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே. மண்ணும் சரளை கலந்த செம்மண். இருந்தும் தென்னாட்டில் உழவுக்கும் வண்டிக்கும் பெயர்பெற்ற காங்கேய மாடுகள் அம் மண்ணிலேயே தோன்றி வளர்ந்தன. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவர் என்று போற்றப்படுகிறார். 1936ஆம் ஆண்டு தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி லிட்டில்வுட் வெளியிட்ட ஆங்கில நூலும் காங்கேய இனத்தை விவரித்துள்ளது. அந்த மாட்டின் வலிமைக்குப் பின்னே நின்றது ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சல் முறை.

கொறங்காடு என்பது உழவர் தம் சொந்தப் புன்செய் நிலத்தை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி வைப்பது. அதனைச் சுற்றிலும் முள்கிளுவைப் போத்துக்களை நட்டு உயிர்வேலி அமைப்பர். உள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல்லும், அதனிடையே தானாக வளரும் பயறு இனச் செடிகளும் இருக்கும். ஆங்காங்கே வெள்வேல் மரங்கள் நிற்கும். நிலத்தைச் சிறு சிறு பட்டிகளாகப் பிரித்து, ஒன்று மாற்றி ஒன்றாக மேயவிடுவர்.

இம்முறையில் அடங்கியுள்ள அறிவு மூன்று. முதலாவது, வேலி இருப்பதால் மழை பெய்தவுடன் துளிர் கடிபடாமல் புல் வேர் பிடிக்கிறது. இரண்டாவது, பட்டி மாற்றுவதால் ஒவ்வொரு பகுதிக்கும் ஓய்வு கிடைக்கிறது. புல் இலைப்பருவத்தில் இருக்கும்போதே மாடு அதனை அடைகிறது. மூன்றாவது, புல் வெளுத்துவிடும் கோடையில் வெள்வேலின் காய் உதிர்கிறது. புரதம் மிகுந்த அக்காய், வெளுத்த புல்லின் குறையை நிரப்புகிறது. மேலேயுள்ள மரமும் கீழேயுள்ள புல்லும் வெவ்வேறு மாதங்களில் உணவளிக்குமாறு அமைந்த ஏற்பாடு இது.

வீட்டுமனைகளும் ஆலைகளும் பெருகிவரும் இக்காலத்தில் கொறங்காடுகளும் காங்கேய மாடுகளும் குறைந்துவிட்டன என்பது வருந்தத்தக்கதே. எனினும் அதன் பாடம் எவ்வூருக்கும் பொருந்தும். குறைந்த மழையிலும் அங்கே மாடு தழைத்தமைக்குக் காரணம், நிலத்திற்கு அளிக்கப்பட்ட ஓய்வும், புல்லின் பருவம் அறிந்து மேயவிட்ட ஒழுங்குமே ஆகும்.

புல்லை அறுத்துச் சேமித்தல்

நம் பகுதியில் புல் பூக்கும் காலமும் மழைக்காலமும் ஒன்றாக அமைவதால், அறுத்த புல்லை உலர்த்துதல் எளிதன்று. ஆயினும் கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்கள் சில கிடைக்கும். அந்நாட்களைத் தவறவிடலாகாது.

காலைப் பனி நீங்கியபின் அறுக்க வேண்டும். தூரில் அரைச் சாண் அடி விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். அறுத்த புல்லை முதல்நாள் மெல்லிய படுகையாகப் பரப்பி ஓரிரு முறை புரட்டிவிட்டு, மறுநாள் முதல் சிறு குவியல்களாக்கி உலர்த்துக. கடும் வெயிலில் நாட்கணக்கில் கிடந்தால் பச்சை நிறம் போய்விடும். அந்நிறத்தோடு, பார்வைக்கும் சினைக்கும் வேண்டிய உயிர்ச்சத்தும் போய்விடும். ஒரு பிடியை முறுக்கினால் ஈரம் கசியாமல், தண்டு ஒடியும் நிலையில் போர் போடலாம். ஈரத்தோடு போட்டால் பூசணம் பிடிக்கும். போரின் அடியில் கல்லோ கட்டையோ அடுக்குதலும், மேலே சரிவாக வேய்தலும் அவசியம்.

இப்பசுமை குன்றாத உலர்புல், பங்குனி, சித்திரை மாதங்களில் சினைமாட்டுக்கும் கறவைக்கும் மட்டும் என ஒதுக்கி வைக்கத் தக்கது. வேலையற்ற மாடுகளுக்கு வைக்கோலும் தட்டையும் போதும். அவற்றின் குறையைக் கீழ்க்கண்டவாறு நிரப்பலாம்.

கோடையில் குறை தீர்த்தல்

மரத்தழை கோடையின் பச்சைத் தீவனம். அகத்தி, சவுண்டல், கிளைரிசிடியா, வாகை ஆகியவற்றின் தழையில், முற்றிய புல்லில் உள்ளதைப்போல் பல மடங்கு புரதம் உண்டு. வைக்கோலோடு நாள்தோறும் சில கிலோ தழை சேர்த்தால், பெருவயிற்றின் நுண்ணுயிர்கள் பெருகி, வைக்கோலும் நன்கு செரிக்கும். சவுண்டலில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளமையால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கை மீறலாகாது. கடலைக்கொடியும் புரதம் உள்ள தீவனம். அதனை மழையில் நனையவிடாமல் காத்து, தட்டையோடு கலந்து இடுதல் நன்று.

வைக்கோலை யூரியாவால் பக்குவப்படுத்தும் முறையும் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, படுகை படுகையாகச் சீராகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் விரிப்பால் மூடி 21 நாட்கள் வைக்க வேண்டும். பின்னர் வேண்டிய அளவு எடுத்து, காற்றில் ஆறவிட்டு இடலாம். வைக்கோலின் புரதம் ஏறத்தாழ இரு மடங்காகும். அளவை மீறுதலும், கரையாத யூரியாவை மாடு நக்க விடுதலும் உயிருக்கு ஆபத்து. ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது கூடாது.

கோடையில் மாடு எலும்பையும் துணியையும் கடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் பாஸ்பரஸ் என்னும் எரியச்சத்துக் குறைவின் அறிகுறி. வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை தாது உப்புக் கலவை இடுதல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் எழும் மறுதாம்புத் துளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு இருக்கும். பசித்த மாடு அதில் புகுந்தால் சில நாழிகைக்குள் மாண்டுவிடலாம். பூக்கும் பருவம் வரும்வரை சோளப் பயிரில் மாட்டை விடாதீர்கள். தின்றுவிட்டால் காலம் தாழ்த்தாது கால்நடை மருத்துவரை நாடுக.

பஞ்சாயத்தின் கடமை

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகளும், 99 லட்சம் வெள்ளாடுகளும், 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. ஆனால் நிலையான மேய்ச்சல் நிலமோ மாநிலப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே எஞ்சியுள்ள ஒவ்வொரு ஏக்கரும் அருமையானது.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு மேய்ச்சல் புறம்போக்கைக் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வைக்கிறது. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கு உரிய 29 பொருள்களுள் எரிபொருளும் தீவனமும் ஒன்று. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தீர்ப்பளித்துள்ளது. சட்டம் துணை நிற்கிறது; வேண்டுவது ஊராரின் ஒற்றுமை. மலையடிவார ஊர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். காப்புக்காட்டில் மேய்த்தல் வனத்துறை விதிகளுக்கு உட்பட்டது. ஆதலால் சொந்தப் புறம்போக்கைச் சீர்செய்வதே அவ்வூர்களுக்கு நிலையான வழி.

ஓர் ஊரில் 20 ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு இருப்பதாகக் கொள்வோம். அதனை ஐந்து ஏக்கர் வீதம் நான்கு பகுதிகளாகப் பிரித்து, எல்லையில் கிளுவைப் போத்து நடலாம். அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையில், அவ்வாண்டு அடைக்க வேண்டிய பகுதியைத் தீர்மானிக்கலாம். வடகிழக்கு மழை வலுக்கும் முன்னர் அப்பகுதி அடைபட வேண்டும். விதை முற்றி உதிரும்வரை அதில் ஆடுமாடு நுழையலாகாது. ஏனைய மூன்றில் மாறி மாறி மேயவிடலாம். அடுத்த ஆண்டு அடுத்த பகுதி. இவ்வாறு நான்கு ஆண்டுகளில் நிலம் முழுவதும் ஒருமுறை விதைத்து ஓய்வு பெறும்.

புல் முற்றும் அழிந்த இடத்தில் உண்ணிச்செடியை வேரோடு களைந்து, ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கொழுக்கட்டைப் புல் விதையை முதல் மழையில் மேலாகத் தூவி முள்ளால் இழுத்துவிடுக. புதிதாகச் சேகரித்த விதை உடனே முளைக்காது. ஆறு மாதத்திற்கு மேல் வைத்திருந்த விதையே ஏற்றது. மண்ணுக்கும் மாட்டுக்கும் பயன்தரும் முயல்மசால் விதையையும் உடன் சேர்க்கலாம். அதனை 80 பாகை வெந்நீரில் நான்கு நிமிடம் இட்டு, ஓர் இரவு குளிர்நீரில் ஊறவைத்தால் தோல் இளகி முளைக்கும்.

இத்திட்டத்தில் ஊரார் தயங்கும் இடம் ஒன்று உண்டு. நிலமுடையவர் தம் வரப்பிலும் தட்டைப் போரிலும் தீவனம் காண்பார். இரண்டு ஆடுகளையோ ஒரு பசுவையோ வைத்துப் பிழைக்கும் நிலமற்றவர்க்குப் புறம்போக்கே வயல். அதில் நான்கில் ஒன்றை அடைத்தால் முதலில் வாடுவது அவர் வீடு. அவரைக் கேளாது இடும் வேலி ஒரு திங்களும் நிலைக்காது. ஆகவே அடைத்த பகுதியில் ஒரு பங்கை விதைக்கென விட்டு, எஞ்சியதைப் பூக்கும் பருவத்தில் கைக்கதிர் அரிவாளால் அறுத்துச் செல்லும் உரிமையை நிலமற்ற கால்நடையாளருக்கே முதலில் அளித்தல் நியாயம். அப்புல்லை ஏலத்தில் ஒருவருக்கு விட்டுப் பஞ்சாயத்துக்குச் சிறு வருவாய் தேடுவதைவிட, பத்து வீட்டு மாடுகள் கோடையைக் கடப்பது ஊருக்குப் பெரிய வருவாய்.

மழையை நம்மால் வரவழைக்க இயலாது. ஆனால் பெய்த மழையில் முளைத்த புல்லை எந்நாளில் மாட்டின் வாய்க்குச் சேர்ப்பது என்பது நம் கையில் உள்ளது. இவ்வாண்டு கார்த்திகையில் ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் தம் ஊர்ப் புறம்போக்கைச் சுற்றி வந்து, ஒரு பிடி புல்லை அறுத்து, இலையையும் தண்டையும் பிரித்துப் பார்ப்பாராக. வரும் சித்திரையில் எத்தனை மாடுகள் சந்தைக்குப் போகும், எத்தனை மாடுகள் தொழுவத்தில் நிற்கும் என்பதை அந்த இரண்டு குவியல்களும் முன்கூட்டியே சொல்லிவிடும்.